ரப்பர் தேன்

மாசி பிறந்தால் களியல் தோட்டங்களில்
ரப்பர் தளிர்க்கும்.
பூவில் அல்ல, இலைக்காம்பின் முனையில் சுரக்கும் தேன்.
பூவில்லாத தேனும் தேனா என்று
மார்த்தாண்டம் சந்தையில் கேட்பவர் உண்டு.
ஒருவர் தீக்குச்சியை முக்கி உரசுவார்.
ஒருவர் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பார்.
ஒருவர் எறும்பை நம்புவார்.
"ஒரிஜினல்தானா?"
"சத்தியமா ஒரிஜினல்" என்போம்
நானும் ரூபிபாயும்.
யார்மேல் சத்தியம் என்று
இதுவரை எவரும் கேட்டதில்லை.

நாற்பத்திரண்டு பெட்டி, பாதிக்குப் பாதி.
அவள் பெந்தெகொஸ்தே.
கம்மல் கழற்றிய துளை
இன்னும் தூர்ந்துவிடவில்லை.
நான் நிழல்தாங்கலில் கண்ணாடி முன் நின்று வளர்ந்தவள்.
அய்யாவைக் கும்பிடப் போய்
மூக்குத்தியை நேராக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்,
பலமுறை.

அன்றைக்குப் புகை காட்டி அடை எடுக்கும்போது சொன்னேன்:
"எங்க எடுத்தாலும் தேன் தேன்தானே பிள்ளே."
கத்தியை அடையிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:
"தேனை விடு.
உவமை சொன்னா உவமைதான் ஜெயிக்கும்.
அவரு உயிர்த்தாரு, இல்லாட்டா உயிர்க்கல்ல.
ரெண்டும் நெசம்னு எப்படிச் சொல்லுவ?
எனக்க கணக்கு தப்புன்னா தப்புன்னு சொல்லு, கேக்கேன்.
எல்லாம் சரின்னு சொல்லுதியே,
நீ எனக்க கணக்கைப் படிச்சே பாக்கல்லன்னு அர்த்தம்."

"தக்கலையில ஒரு முஸ்லிம் வீட்டில
நீ பொறந்திருந்தா?"
"அதைச் சொல்லியிருப்பேன்.
தாங்கலுக்குப் பக்கத்தில பொறக்காட்டா
நீயும் இதைச் சொல்லியிருக்க மாட்ட.
பொறந்த எடத்தைக் காட்டி
என்னை மட்டும் தள்ளாத."

பதில் வரவில்லை எனக்கு.
டிரம்மைச் சுற்றினேன்.
கோபம் கைக்கு இறங்கி
ஓர் அடை உடைந்தது.

மதியம் மரச்சீனியும் சாளைக் குழம்பும் திறந்தேன்.
அவள் தண்ணீர்க் குப்பியோடு தள்ளி உட்கார்ந்தாள்.
வெள்ளிக்கிழமை.
பதினோரு வருஷமாய் அவளுக்கு வாயுத் தொல்லை
என்றே நினைத்திருந்தேன்.
பெருங்காயம்கூடக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

"வாயு இல்ல" என்றாள், குப்பியைப் பார்த்து.
"உனக்காகத்தான்.
நீ ரெட்சிக்கப்படணும்னு."

ஐந்நூற்று எழுபது மதியச் சோறு இருக்கும்.
நான் முங்கிச் சாகிறேன் என்று நம்பி
ஒருத்தி கரையில் பட்டினி கிடந்திருக்கிறாள்.
நானோ அவள் எதிரிலேயே
முள்ளை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏச்சு வாங்கியது போலிருந்தது.
அப்புறம் வேறு மாதிரி இருந்தது.
எல்லாம் ஒன்று, எல்லாம் ஒன்று என்ற நான்
இவளுக்காக ஒரு வேளை
ஒரு துண்டு மீனையாவது விட்டிருக்கிறேனா?

விரல் நக்கிவிட்டுக் கேட்டேன்:
"நரகம் உண்டுன்னே வச்சுக்க.
நான் அங்க கெடக்கும்போ
நீ மட்டும் சொர்க்கத்தில எப்படி இருப்ப?"

வெகுநேரம் பேசவில்லை.
ஓட்டுக்கறை சிரட்டையில் ஒரு தேனீ விழுந்து
காலை இழுத்துக்கொண்டிருந்தது.
"அதைத்தான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம
நானும் கேக்கேன்" என்றாள்.
"அவரு இன்னும் சொல்லல்ல."

சாயங்காலம் இமையில் கொட்டியது அவளுக்கு.
கொடுக்கைப் பிடித்து இழுத்தால்
விஷம் இன்னும் இறங்கும்.
நகத்தால் பைய வழித்து எடுத்தேன்.
என் மூச்சில் சாளை மணந்திருக்கும்.
முகத்தைத் திருப்பவில்லை அவள்.

அவள் சொன்னது தப்பு என்றுதான்
இப்போதும் படுகிறது.
எந்த வரியில் தப்பு என்று
கணக்கைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கலுக்குப் போனேன்.
விளக்கு எரிந்தது.
கண்ணாடியில் மூக்குத்தி நேராகத்தான் இருந்தது.
பிறகும் நின்றேன்.
பின்னால் வரிசையில் யாரோ
இருமத் தொடங்கும் வரை.